படுக்கையறையில் ஒரு துண்டுக் காற்று

இடிமழையோடு வந்து மாநகரை ஆட்டிப்படைத்த சுழல்காற்று, போகும்போது தன்னில் ஒரு துண்டை நான்காம் மாடியில், கண்ணாடிக்காரரின் படுக்கையறையில் விட்டுவிட்டுப் போனது. பெரிய காற்றில்லை, ஓர் ஆள் உயரம் இருக்கும். மற்ற தெருக்களில் மரங்கள் சாய்ந்தன, விளம்பரப் பலகைகள் பறந்தன, ஒரு பேருந்து நிறுத்தத்தின் கூரை நேராகக் காவல் நிலையத்துக்குள் போய்ச் சரணடைந்தது.

ஊர் ஜன்னலுக்கெல்லாம் கண்ணாடியும் தாழ்ப்பாளும் போட்ட அந்த மனிதர், சொந்தப் படுக்கையறை ஜன்னலைத் துணிக்கொடிக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். "நாளைக்கு" என்பார். அன்று கயிறு அறுந்து காற்று உள்ளே புகுந்த பிறகுதான் அவருக்கு ரோஷம் வந்தது. பாய்ந்துபோய் நல்ல பித்தளைத் தாழ்ப்பாளாகப் பொருத்தி, இடுக்கெல்லாம் பசை அடைத்து, "இனிமே பொட்டுக் காத்து உள்ள வராது பாரு" என்று திரும்பினார். மனைவி கூரையை ஒட்டிச் சுற்றிக்கொண்டிருந்தாள், இரண்டு தலையணைகளோடு.

"வராது, சரி. வந்தது எப்படிங்க வெளிய போகும்?" என்றாள்.

பதறிப்போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தார். "அதைத் தொட்டீங்கன்னா நானும் இதோடயே போயிடுவேன்." விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவள் கூப்பிட்டதும் ஓடிவந்தது அந்தக் காற்று ஒன்றுதான். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

காற்று குடித்தனத்துக்குப் பழகிவிட்டது. துணி உலர்த்தியது, மூலை கூட்டியது. சத்தம் கேட்டுச் சண்டைக்கு வந்த வீட்டுச் சொந்தக்காரரின் டோப்பாவைப் பறித்துத் தானே போட்டுப் பார்த்தது. சேதம் பார்க்க வந்த அதிகாரி, "புயல் முழுசா ஓயட்டும், அப்புறம் வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். கண்ணாடிக்காரர் கூடத்தில் தனியாகப் படுத்து, கதவுக்குப் பின்னால் அவள் சிரிப்பதைக் கேட்டபடி மாதக்கணக்கில் புரண்டார். ஒரு காற்றின் மேல் பொறாமைப்படுவது அவருக்கே கேவலமாக இருந்தது. கடைசியில் கதவைத் தட்டினார்.

"நானும் வரட்டுமா?"

"கதவைச் சாத்திட்டு வாங்க."

அவருடைய தொந்தியைக் காற்று முக்கி முனகித்தான் தூக்கியது. அவள் பக்கத்தில் போய்ச் சேர்ந்ததும், "நீ போயிடுவியோன்னு பயந்துட்டேன்" என்றார்.

"இதைச் சொல்ல இத்தனை நாளா?" என்று அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

இப்போது இருவரும் அங்கேதான் தூங்குகிறார்கள். தலையில் இடிக்கிறது என்று மின்விசிறியைக் கழற்றிவிட்டார்கள்.