பால் சேர்க்காத காபி

“இந்தத் தாளை அனுப்பாதீங்க, டாக்டர். நீங்க கொடுத்த மருந்தாலதான் அப்பா கை நடுங்குதுன்னு எழுதுங்க.”

டாக்டரிடம் இப்படி எதுவும் கேட்டு வைக்காதே என்று அப்பா காலையில்தான் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இந்த ஆலையின் மருத்துவ அறையில் எனக்கு மருந்தாளர் வேலை கேட்டு, சில மாதம் முன்பு இதே டாக்டரின் முன்னால் அவர் கைகட்டி நின்றார். அந்தக் கைதான் இப்போது நடுங்குகிறது.

அப்பா கிரேன் ஓட்டுகிறார். யார்டில் அவருக்குக் ‘கழுகு’ என்று பெயர். அவ்வளவு உயரத்திலிருந்து கொக்கியை இறக்கி, கீழே நிற்பவன் நீட்டும் வளையத்தில் உரசாமல் மாட்டுவார். நேற்று அதே கொக்கி ஒருவன் தலைக்கு ஒரு சாண் தள்ளி ஆடி நின்றது. ‘நிரந்தர நரம்புத் தளர்ச்சி, உயரத்தில் வேலை செய்யத் தகுதியில்லை’ என்று டாக்டர் எழுதிவிட்டார். பதினோரு மணிக்குத் தாள் அலுவலகத்துக்குப் போகும். போனால் அப்பா இனி அந்த ஏணியில் கால் வைக்க முடியாது. மணி பத்தே முக்கால்.

வயசானால் நடுங்கத்தான் செய்யும், அதற்கு மருந்து என்ன பண்ணும் என்றார் டாக்டர்.

பதிவேட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். திங்கட்கிழமை, சிறுநீர்த் தொற்றுக்கு சிப்ரோ. வியாழனிலிருந்து தூக்கமில்லை, படபடப்பு, நடுக்கம். ஒரு ஷிப்டுக்கு எட்டு காபி குடிக்கிற மனுஷன் என்பது யார்டுக்கே தெரியும். காபியில் உள்ள கஃபீனைக் கல்லீரல்தான் சிதைத்து வெளியேற்றும். இந்த மருந்து அந்த வேலையை மந்தமாக்கிவிடும். முதல் கோப்பை உடம்பை விட்டுப் போகும் முன்பே அடுத்தது, அதன் தலையில் இன்னொன்று.

“காபி குடிப்பீங்களான்னு அவரை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“நீ கேட்டியாம்மா?”

பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். கடைசிக் கட்டத்தில் ‘அறிவுரை கூறப்பட்டது’. கீழே என் கையெழுத்து.

கூறினேன்தான். இந்த மாத்திரையோடு பால் ஆகாது, மருந்து உடம்பில் சேராது என்று. மகள் சொன்னது அப்பாவுக்கு வேதவாக்கு. காபியிலும் பாலை நிறுத்திவிட்டார். அரைக் கோப்பைப் பால் இருந்த இடத்திலும் கடுங்காபி. “டாக்டர் பேச்சைவிட என் பொண்ணு பேச்சுதான்” என்று கிரேனடியில் பீற்றிக்கொண்டாராம். கேட்டு நானும் சிரித்தேன். மூன்றாம் ஆண்டுத் தேர்வில் இந்த மருந்தையும் காபியையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவள். பெற்ற அப்பாவிடம் அதில் ஒரு வரி சொல்லவில்லை.

டாக்டர் குரலைத் தணித்தார். “மருந்தாலன்னு நான் எழுதினா, சொல்லாம கொடுத்தது யாருன்னு கேப்பாங்க. நீ வந்து நாலு மாசம்கூட ஆகலை. அப்பாவைக் கீழ ஸ்டோர்ல போடச் சொல்றேன். வீட்ல ஒருத்தராவது நிக்கணும்ல?”

எனக்காகப் பிடிப்பதுபோல் காட்டிய குடைக்குள் அவர் தலைதான் முழுசாக இருந்தது.

பேனாவை எடுத்தேன். திங்கட்கிழமை வரிக்குக் கீழே எழுதினேன்: காபியை நிறுத்தச் சொல்லவில்லை, என் தவறு. மருந்தும் காபியும் சேர்ந்த நடுக்கமாக இருக்கலாம். மருந்தை மாற்றி, காபியை நிறுத்தி, ஒரு வாரம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். கையெழுத்துப் போட்டு, கார்பன் நகலைக் கிழித்தேன்.

டாக்டர் எழுந்துவிட்டார். “அது ஆபீசுக்குப் போச்சுன்னா நீ இங்க இருக்க முடியாது.”

“தெரியும் டாக்டர்.”

வெளியே பெஞ்சில் அப்பா, காகிதக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தார். கரேலென்று காபி, அதில் வளையம் வளையமாக அலை. டாக்டரிடம் எதுவும் கேட்டுவிடவில்லையே என்றார். கோப்பையை வாங்கித் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, நகலை மடிக்காமல் பிடித்துக்கொண்டு அலுவலகப் படிக்கட்டைப் பார்த்து நடந்தேன்.