மணி அடித்த பிறகும் உட்கார்ந்திருந்தவள்

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது. கற்பனைக்கு இதில் பங்கில்லை என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பயிற்சி மருத்துவர்களுக்கு மனநல மருத்துவம் கற்பிப்பதில் சிறந்தவர் என்று என் தங்கைக்கு அவளுடைய கல்லூரி விருது கொடுக்கிறது. குடும்பத்தில் ஒருவர் மேடையேறி மூன்று நிமிடம் பேசவேண்டுமாம். "நீங்கதான் எழுத்தாளராச்சே சார், உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்றார் கல்லூரி அலுவலர். எழுத்தாளன் வாயைத் திறந்தால் வார்த்தை கொட்டும் என்று இவர்களுக்கெல்லாம் யார் சொன்னார்களோ தெரியவில்லை.

முதல் தொடக்கம்: "சின்ன வயதிலேயே என் தங்கை பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்துப் பாடம் —"

[பொய். பொம்மைகளின் கழுத்தைத் திருகுவாள். வரியை அடித்துவிட்டேன்.]

இரண்டாம் தொடக்கம்: "அடுத்தவர் மனதைப் படிக்கத் தெரிந்தவள் என் தங்கை. அவளிடம் எதையும் மறைக்க —"

[இதுவும் பொய். நான்கு வருடமாக ஒரு விஷயத்தை மறைத்துக்கொண்டிருக்கிறேன். பேச்சு கதையாக மாறியது இந்த இடத்தில்தான்.]

2

நோயாளியாக நடிப்பது ஒரு வேலை என்பது பலருக்குத் தெரியாது. பயிற்சி மருத்துவர்களுக்கான தேர்வில் எட்டுச் சின்ன அறைகள் வரிசையாக இருக்கும். அறைக்கு ஒரு பொய் நோயாளி. மாணவர் வந்து எட்டு நிமிடம் விசாரிக்கவேண்டும். மணி அடித்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடவேண்டும். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து ஆசிரியர்கள் மதிப்பெண் போடுவார்கள்.

நான்கு வருடத்துக்கு முன்னால், என் மனைவி இறந்த பதினோராம் மாதம், தங்கை வந்து நின்றாள். "வீட்டுக்குள்ளயே எவ்வளவு நாள்தான் அடைஞ்சு கிடப்ப? ஒரு நாள் வந்து நோயாளியா நடிண்ணா. மதியச் சாப்பாடு உண்டு."

பாசத்தில்தான் கூப்பிட்டாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காரணம் தெரியாத வயிற்றுவலிக்காரர் வேடம் எனக்கு. என்ன கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் தந்திருந்தாள்.

(ஒரு குறிப்பு: சாகும் எண்ணம் வருகிறதா என்று நோயாளியிடம் சுற்றிவளைக்காமல் கேட்கவைப்பதில் என் தங்கை பேர்போனவள். "கேட்டா எண்ணம் வந்துடும்னு பயப்படாதீங்க. கேக்காமப் போறதுதான் ஆபத்து. கேட்டுட்டா, பதில் முழுசா வர்ற வரைக்கும் அங்கயே இருங்க" என்பாள். அவளிடம் படித்தவர்கள் எல்லோரும் இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள்.)

3

ஐந்தாவதாக வந்த பெண்ணைப் பற்றி எழுதத்தான் எனக்குத் தயக்கம். வாசகர்கள் இவளை நம்பமாட்டார்கள். என் தங்கை அவளுக்கு வைத்திருந்த பெயர் அவசரக்காரி. நோயாளி பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவாளாம். அன்றும் தூக்கம், பசி, வலி என்று மூச்சுவிடாமல் கேட்டாள். பிறகு பேனாவை மூடி வைத்தாள்.

"உயிரோட இருக்க வேணாம்னு எப்பவாவது தோணுதா சார்?"

'சேச்சே, அதெல்லாம் இல்லீங்க' என்பது தாளில் இருந்த பதில். அவளுக்கு முன்னால் வந்த நான்கு பேரிடமும் கிளிப்பிள்ளை மாதிரி அதையே ஒப்பித்திருந்தேன்.

"தோணுது," என்றேன். "தினமும்."

ஏன் சொன்னேன் என்றால் —

[இங்கே அரைப் பக்கத்துக்கு ஒரு விளக்கம் இருந்தது. கிழித்துவிட்டேன். சொன்னேன், அவ்வளவுதான்.]

மணி அடித்தது. பக்கத்து அறைகளில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. "சொல்லுங்க சார், நான் இங்கதான் இருக்கேன்," என்றாள். கண்காணிப்பாளர் வந்து தோளைத் தட்டிக் கூட்டிக்கொண்டு போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

4

மதியச் சாப்பாட்டின்போது தங்கை என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். "பிச்சு உதறிட்டண்ணா! ஆனா தாள்ல இல்லாததெல்லாம் ஏன் சொன்ன? பாவம் அந்தப் பொண்ணு, ஆடிப்போயி எழுந்திருக்கவே இல்ல. நேரத்துக்கு முடிக்கலைன்னு நாலு மார்க் குறைச்சுட்டேன்."

பதினைந்து வருடமாக மனிதர்களின் முகத்தைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவள், சொந்த அண்ணன் உண்மையைச் சொன்னபோது நடிப்பைப் பாராட்டினாள். விளக்குக்கு அடியில் இருட்டு என்று சும்மாவா சொன்னார்கள்! எனக்குக் கோபம் வந்தது. சிரித்துவைத்தேன்.

வண்டி நிறுத்துமிடத்தில் அவசரக்காரி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், அது நடிப்பா?"

"நடிப்புதாம்மா."

"மத்த ரூம்ல எல்லாம் மணி அடிச்ச உடனே தண்ணி பாட்டில எடுத்தாங்க, சோம்பல் முறிச்சாங்க. நீங்க மட்டும் அசையவே இல்லையே சார்."

அதற்கு மேல் எனக்குப் பொய் வரவில்லை. ஒரு ஸ்கூட்டரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு அழுதேன். அன்று சாயங்காலமே இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு மருத்துவரிடம் என்னைக் கூட்டிப்போனாள். ஒரு வருடம் மருந்தும் பேச்சுமாகப் போனது. நான் இன்று உட்கார்ந்து எழுதுவது அதனால்தான். என் தங்கைக்குத் தெரியக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன். "நீங்களா சொல்ற வரைக்கும் நான் வாயத் திறக்கமாட்டேன் சார்," என்றாள். இன்றுவரை திறக்கவில்லை.

5

விருதுக்கு என் தங்கையைப் பரிந்துரைத்தது யார் என்கிறீர்கள்? அவசரக்காரிதான். 'கேட்ட பிறகு எழுந்து போகாமல் இருக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர்' என்று கடிதத்தில் எழுதியிருக்கிறாள். தங்கைக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "எழுந்து போகலைன்னு மார்க் குறைச்சவளே நான்தான். என்னக் கிண்டல் பண்றாளா?" என்று ஒரு வாரமாக என்னையே குடைகிறாள். விருதை மறுத்துவிடலாமா என்றுகூட யோசிக்கிறாள்.

முடிவு ஒன்று: மேடையில் பொம்மைக் கதையைச் சொல்கிறேன். எல்லோரும் கைதட்டுகிறார்கள். அவளுக்குக் கடைசிவரை எதுவும் தெரிவதில்லை.

முடிவு இரண்டு: மேடையிலேயே எல்லாவற்றையும் போட்டு உடைக்கிறேன். விருதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் —

[முடியவில்லை. அவள் முகம் வந்து நிற்கிறது.]

முடிவு மூன்று: எழுதியவரைக்கும் முதலில் அவளிடம் கொடுத்துவிடுவது. எழுத்தாளனுக்குப் பிடிக்காத முடிவு இது. அதற்குப் பிறகு நடப்பது என் கையில் இருக்காது.

6

ஞாயிற்றுக்கிழமை காலை, பேச்சைச் சரிபார்க்கிறேன் என்று தங்கை வந்தாள். மேலே உள்ள ஐந்து பகுதிகளையும் கொடுத்தேன். பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனாவைத் திறந்துகொண்டு படித்தாள். பொம்மைகளின் கழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். மூன்றாம் பகுதி வந்ததும் பேனாவைக் கீழே வைத்தாள். அந்தப் பகுதியை மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு கடைசிவரை படித்தாள்.

"நாலு மார்க் குறைச்சேனே அவளுக்கு," என்றாள்.

"நீ சொல்லிக்குடுத்ததத்தானே அவ செஞ்சா."

"ஊருக்கெல்லாம் சொல்லிக்குடுத்தேன். உன்ன ஒரு தடவகூடக் கேக்கலையேண்ணா. அண்ணி போனதுலேருந்து சாப்டியா, தூங்குனியான்னுதான் கேட்டேன். அதத் தாண்டிக் கேக்க எனக்குப் பயம். நீ ஆமான்னு சொல்லிட்டா நான் என்ன செய்வேன்?"

அவள் அழுது நான் பார்த்துப் பல வருடம் ஆகிறது. என்ன செய்வதென்று தெரியாமல் தாள்களை அடுக்கினேன். அவள் அவற்றை என் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தாள். நாற்காலியை எனக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இப்பக் கேக்குறேன். இன்னும் அப்படித் தோணுதாண்ணா?"

குரல் நடுங்கியது. வேறொருவர் இப்படிக் கேட்டிருந்தால் இரண்டு மார்க்காவது குறைத்திருப்பாள்.

நான் பதில் சொன்னேன். சொல்லி முடிக்க மதியமாகிவிட்டது. அதை இங்கே எழுதப்போவதில்லை. அவளுக்குச் சொன்னது அது. விருதை அவள் வாங்கிக்கொள்ளலாமா, மேடையில் நான் என்ன பேசலாம் என்பதையெல்லாம் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எங்கள் இருவருக்கும் அன்று அந்த ஞாபகமே வரவில்லை.