தோயாத தயிரும் கோமளம் டீச்சரின் பாலைவனமும்

கோமளம் டீச்சர் வாழ்க்கையில் உருப்படியாகச் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். அதையும் ஆறாம் வகுப்பு பி பிரிவில், நாற்பத்திரண்டு பெண்களுக்கு முன்னால், கையில் சாக்பீஸோடு நின்றுகொண்டு சொன்னார்.

"டீச்சர், நீங்க பாலைவனம் பார்த்திருக்கேளா?" என்று முதல் பெஞ்சில் ஒரு பெண் கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்திருக்கலாம். கோபாலபுரத்தில் பிறந்து, கோபாலபுரத்தில் படித்து, கோபாலபுரத்திலேயே வேலைக்கும் சேர்ந்தவருக்குப் பாலைவனம் எங்கிருந்து வரும்? ஆனால் அது வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம். கடைசி பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்த மாதிரி இருந்தது. "ஓ, பார்த்திருக்கேனே" என்று சொல்லிவிட்டார்.

சொன்னதோடு போயிற்றா? அக்காமார் தங்கைமாரிடம் சொல்லி வைக்க, வருஷா வருஷம் புது ஆறாம் வகுப்பு அந்தக் கதையைக் கேட்டு நச்சரித்தது. டீச்சரும் நூலகத்தில் தேடித் தேடிப் படித்து அந்தப் பொய்யை ஊட்டி வளர்த்தார். மணல்மேடு காற்றில் நகர்வது, கானல் நீர், ஒட்டகம் முழங்காலை மடக்கி உட்காரும் தினுசு எல்லாம் வந்து சேர்ந்தன. "ஊருக்குத் திரும்பி ஒரு வாரம் வரைக்கும் செருப்பை உதறினா மணல் கொட்டித்துன்னா பாருங்கோ" என்பது கடைசி வரி. அதற்கு வகுப்பே வாயைப் பிளக்கும். முப்பத்தோரு வருஷம் பிளந்தது.

ரிடையரானதும் டீச்சருக்கு மாலை போட்டு, வெள்ளிக் குங்குமச் சிமிழ் கொடுத்து, "பாலைவனத்தையே வகுப்பறைக்குக் கொண்டுவந்தவர்" என்று ஒரு பெண் மேடையில் பேசினாள். டீச்சருக்கு உடம்பெல்லாம் கூசியது. செத்துப்போவதற்குள் அந்தப் பொய்யை நிஜமாக்கிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தார்.

அதனால்தான் தொண்ணூற்றேழு ஜனவரியில், மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்தில் மாடியறையில் இயங்கிய வைரவனின் சுற்றுலா கம்பெனியில் பெயர் கொடுத்தார். நோட்டீசில் "ராஜஸ்தான் பன்னிரண்டு நாள், அரண்மனை, பாழடைந்த ஊர், பாலைவனம்" என்று சின்ன எழுத்திலும், "நம்ம ஊர் சமையல் கூடவே வரும்" என்று பெரிய எழுத்திலும் போட்டிருந்தது. மயிலாப்பூரிலிருந்தும் அடையாற்றிலிருந்தும் வந்து சேர்ந்தவர்கள் பெரிய எழுத்தைப் பார்த்து வந்தவர்கள். டீச்சர் ஒருவர்தான் சின்ன எழுத்துக்காக வந்தவர்.

மொத்தம் பதினெட்டுப் பேர். அதில் இந்தி தெரிந்தவர்கள் தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த அப்துல் வஹீதும் அவர் மனைவி குல்சுமும் மட்டுமே. கைடு சொல்வதை அவர்கள்தான் மற்றவர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அதற்குள் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்கள்: சாப்பாடு எத்தனை மணிக்கு? எந்தக் கோட்டை வாசலிலும் முதல் கேள்வி அதுதான்.

சாப்பாடு சமையல்காரர் அம்பியின் பொறுப்பு. சாம்பார் பொடி, அப்பளம், காபிப்பொடி எல்லாம் மூட்டையில் போக, உறைமோரை மட்டும் சின்ன எவர்சில்வர் தூக்கில் ஊற்றித் துண்டால் சுற்றி, சென்ட்ரலிலிருந்து மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். மயிலாப்பூர் உறைமோரில் தோய்ந்த தயிர் ஐந்து நாள் வரைக்கும் தில்லியிலும் ஜெய்ப்பூரிலும் குறைவில்லாமல் நடந்தது.

ஜெய்சால்மர் வந்ததும் தயிர் தோயவில்லை. முதல் நாள் குளிர் என்றார்கள். இரண்டாம் நாளும் அப்படியே பாலாக நின்றபோது, குழுவிலேயே மடி ஆசாரம் அதிகம் பார்க்கிற ஜலஜா மாமி சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவைத்துவிட்டு எழுந்துபோனார். இத்தனைக்கும் காபி அமிர்தமாக இருந்தது. "மயிலாப்பூர்லகூட இப்படி ஒரு காபி குடிச்சதில்லை, இந்த ஊர்த் தண்ணி வாகு" என்று ஆளாளுக்கு இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தார்கள். ஆனால் காபியைச் சோற்றில் பிசைந்து சாப்பிட முடியாதே.

மூன்றாம் நாள்தான் பாழடைந்த ஊரும் மணல்மேடும். டீச்சர் விடியும்போதே குளித்துப் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். காலை டிபன் நேரத்தில், ஜலஜா மாமியின் கணவர் பரத்வாஜ் எழுந்து நின்றார். அடையாற்றுக்காரர், ரிடையரான பாங்க் அதிகாரி. குழுவில் எல்லாரும் மாமா என்றே கூப்பிட்டார்கள்.

"ஜோத்பூர்ல ஒரு உடுப்பி ஓட்டல் இருக்காம். மத்தியானமே கிளம்பினா ராத்திரி தயிர் சாதம் சாப்பிடலாம். மணல் எங்க போறது? நம்ம மெரினாவுல இல்லாத மணலா?" என்றார்.

வைரவன் கை தூக்கச் சொன்னார். பதினைந்து கைகள் உயர்ந்தன. உயராதவை டீச்சருடையதும் வஹீத் தம்பதியுடையதும்.

டீச்சர் இட்லியைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தார். வைரவனைத் தனியே பிடித்து, இப்படிச் செய்யலாமா என்று கேட்டார்.

"நான் இன்னா டீச்சர் பண்றது? மெஜாரிட்டி சொல்லிட்டாங்கோ" என்றார் வைரவன். "மத்தியானத்துக்குள்ள தயிர் கீதுன்னா பஸ்ஸு பாலைவனம் போவும். இல்லாங்காட்டி ஜோத்பூர்தான்."

டீச்சர் நேரே, அவர்கள் தங்கியிருந்த லாட்ஜின் பின்கட்டுக்குப் போனார். அம்பி பாத்திரத்துக்கு முன்னால், சாவு வீட்டில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"முப்பது வருஷமா என் கையால தோயாத தயிர் இல்லை டீச்சர். கம்பளி சுத்தி அடுப்பங்கரையிலயே வெச்சேன். பாருங்கோ, அசையாம பாலா உக்காந்திண்டிருக்கு."

டீச்சர் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் விட்டுப் பார்த்தார். லேசாக உப்புக் கரித்தது. "பால் எங்க வாங்கினேள்?"

"பின் சந்துல ஒரு தலைப்பாகைக்காரன். பாஷை தெரியாது, சொம்பைக் காட்டினேன். கறந்து குடுத்தான்."

"எதைக் கறந்தான்னு பார்த்தேளா?"

"சுவருக்கு அந்தண்டை நின்னு கறந்தான். மூச்சு விடற சத்தம் மட்டும் கேட்டுது. பெரிய மாடா இருக்கும்னு நினைச்சுண்டேன்."

டீச்சர் குல்சுமைக் கூப்பிட்டுப் பின் சந்துக்கு அனுப்பினார். ஐந்து நிமிஷத்தில் குல்சும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தார். சிரிப்பை அடக்கப் பார்த்ததில் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது.

"டீச்சர், அது மாடு இல்ல. ஒட்டகம்."

அம்பி அப்படியே தரையில் சாய்ந்தார். "ஜலஜா மாமி ஏகாதசிக்கு அந்தப் பாலைத்தானே குடிச்சா. தெரிஞ்சா என்னைத் திரும்பி மயிலாப்பூருக்குள்ளயே விட மாட்டா."

டீச்சருக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். ஒட்டகப் பால் தயிராக உறையாது என்று ஏதோ ஒரு பழைய பத்திரிகையில் படித்துவிட்டு வருஷா வருஷம் சொல்லியிருந்தார். அது நிஜம்! பிறகுதான் மற்றது உறைத்தது. விஷயம் வெளியே தெரிந்தால் ஜோத்பூர்கூடக் கிடையாது, நேரே சென்னைதான்.

"லாட்ஜ்காரர் வீட்ல எருமைத் தயிர் ரெண்டு சட்டி இருக்கு. கேட்டா தருவாங்க" என்றார் குல்சும். "ஆனா நம்மாளுங்க யார் வீட்டுத் தயிர்னு கேட்டா என்னா சொல்றது?"

குல்சும், அம்பி இரண்டு பேரும் டீச்சரைப் பார்த்தார்கள். பொய் சொன்ன பெண்களை முப்பத்தோரு வருஷம் பெஞ்சு மேல் ஏற்றியவர் டீச்சர். "நீங்க போய் வாங்கிண்டு வாங்கோ. அம்பி, உங்க தூக்கைக் கழுவி வையுங்கோ" என்றார்.

பத்தரை மணிக்கு எவர்சில்வர் தூக்கோடு சாப்பாட்டுக் கூடத்தில் நுழைந்து, "தயிர் தோஞ்சிருக்கு" என்று அறிவித்தார். அதில் பொய் இல்லை. எங்கே தோய்ந்தது என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஜலஜா மாமி தூக்கைச் சாய்த்துப் பார்த்தார். தயிர் நகரவில்லை. "இத்தனை நாள் எங்கடி போயிருந்தே" என்று தயிரையே விசாரித்தார். பரத்வாஜ் மாமா மட்டும் தயிரை ஒரு தரம், டீச்சரை ஒரு தரம் பார்த்துவிட்டு, கை கழுவப் போனார்.

பஸ் பாலைவனத்துக்குப் போயிற்று.

போகிற வழியில் அந்தப் பாழடைந்த ஊர். கூரையில்லாத கல் வீடுகள், தெருத் தெருவாக, ஒரு ஈ காக்காய் இல்லாமல் நின்றன. நம்மவர்கள் வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள் மாதிரி உள்ளே நுழைந்து நுழைந்து வந்தார்கள். ஒருவர் சமையலறை எந்தத் திக்கு என்று பார்த்தார், இன்னொருவர் இங்கே ஒரு கிரவுண்டு என்ன விலை போகும் என்று கேட்டார். ஜனங்கள் ஒரே ராத்திரியில் ஊரைக் காலி செய்துகொண்டு போய்விட்டதாகச் சொல்வார்கள் என்று கைடு சொன்னதை அப்துல் வஹீத் தமிழில் சொன்னார்.

"ஏன் போனாளாம்?" என்று கேட்டார் ஜலஜா மாமி.

"தயிர் தோஞ்சிருக்காது மாமி" என்றார் வஹீத், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

வெயில் தணிகிற நேரத்துக்கு மணல்மேட்டுக்கு வந்தார்கள். மற்றவர்கள் ஒட்டகச் சவாரிக்கு வரிசையில் நிற்க, டீச்சர் செருப்போடு தனியாக மேலே ஏறினார். இரண்டு அடி ஏறினால் ஒரு அடி சறுக்கியது. உச்சியில் போய் நின்றபோது மேட்டுக்குப் பின்னால் மேடு, அதற்குப் பின்னால் மேடு. வகுப்பில் சொன்னது அத்தனையும் அங்கே அப்படியே இருந்தது. இத்தனை நிசப்தமாக இருக்கும் என்பதை மட்டும் எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. அதனால் அவரும் சொல்லவில்லை. டீச்சர் மணலில் உட்கார்ந்து அழுதார். சந்தோஷமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு பரத்வாஜ் மாமா வந்து, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"டீச்சர், அந்தத் தயிர் நம்ம பால்ல தோஞ்சது இல்லைன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

டீச்சர் அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நேத்து சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்லேர்ந்து பெங்களூருக்குப் போன் பண்ணினேன், எங்க பொண்ணு ஹம்சினிக்கு. காபி பிரமாதம், தயிர்தான் தோயலைன்னேன். விழுந்து விழுந்து சிரிக்கறா. அப்பா, அது ஒட்டகப் பால், எங்க ஜியாக்ரபி டீச்சர் சொல்லிக் குடுத்திருக்கான்னா. டீச்சர் பேரைக் கேட்டேன். உங்க பேரைச் சொன்னா. எழுபத்தெட்டுல உங்க கிளாஸாம், ஆறாவது."

"தெரிஞ்சுண்டே ஏன் கிளம்பணும்னேள்?"

"அதனாலதான் கிளம்பணும்னேன். இன்னும் ஒரு வேளை தயிர் தோயலைன்னா ஜலஜா அந்தப் பால்காரனைத் தேடிண்டு போயிருப்பா. அப்புறம் அம்பி கதி என்ன? நம்ம கதிதான் என்ன? ஆத்துக்குப் போனதும் பஞ்சகவ்யத்தைக் குடுத்துக் குடிங்கோம்பா." மாமா மணலை அள்ளி விரலிடுக்கில் ஒழுகவிட்டார். "உங்களை நினைச்சாத்தான் பாவமா இருந்தது. அப்புறம் சமாதானம் பண்ணிண்டேன். டீச்சர் ஏற்கெனவே பாலைவனம் போய்ட்டு வந்தவாப்பா, நேர்ல பார்த்தவான்னு ஹம்சினி சொன்னா. பார்த்த இடம்தானே, ஒரு தரம் விட்டுப்போனா என்னன்னு நினைச்சுட்டேன்."

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். டீச்சர் கீழே பார்த்தார். ஒட்டகம் எழுந்த குலுக்கலில் ஜலஜா மாமி ராமா ராமா என்று அரற்றுவது மேலே வரை கேட்டது.

"இல்லை மாமா. இன்னிக்குத்தான் முதல் தடவையா பார்க்கறேன்."

மாமா திரும்பிப் பார்த்தார். "அப்போ அத்தனை குழந்தைகள்கிட்டயும் சொன்னது?"

"பொய். முப்பத்தோரு வருஷமா."

மாமா கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார். பிறகு, "ஹம்சினிகிட்ட நான் சொல்லலை. ஜலஜாகிட்ட நீங்க சொல்லாதீங்கோ" என்றார். இருவரும் இறங்கி வந்தார்கள். அன்றைக்கு மணல்மேட்டின் அடிவாரத்தில் பதினெட்டுப் பேரும் தயிர் சாதம் சாப்பிட்டார்கள், ஊறுகாயோடு.

கோபாலபுரம் வந்து சேர்ந்த மறுநாள் காலையில் டீச்சர் அந்தச் செருப்பை வாசற்படியில் தட்டினார். மணல் விழுந்தது. அடுத்த நாளும் தட்டினார், விழுந்தது. வகுப்பில் ஒரு வாரம் என்றுதான் சொல்லியிருந்தார். பத்தாம் நாளும் விழுந்தது.