தடத்தில் வைத்த முள்

"அங்கேயே நில்லுங்க! இன்னும் சருகு இருக்கு!" என்று மேலே பார்த்துக் கத்திவிட்டு, நீமா பச்சைக் கிளையால் வளைவைப் பரபரவென்று பெருக்கினாள். மே மாதத்து பைன் சருகு எண்ணெய் கொட்டிய தரைக்குச் சமம், கால் வைத்தால் ஆளை வாரிவிடும். மேலே நாலு பேர் தோளில் அவளுடைய அப்பா, அவள் பாபு, காத்திருந்தார். இந்த வளைவில் யாருக்காகவும் அவர் நின்றது இதுதான் முதல் தடவை.

பெருக்கி முடித்ததும் மரத்தில் சாய்த்திருந்த அவருடைய சைக்கிளை எடுத்துக்கொண்டாள்.

"அதை எதுக்கும்மா இழுத்துக்கிட்டு வர்ற?" பாடையின் முன்கழியைப் பிடித்திருந்த குந்தன் சாச்சா கேட்டார். இறந்தவரின் தம்பி. "தாஜ்யூ ஏறியா போகப் போறாரு?"

"மேலேயே விட்டுட்டு வர மனசு கேக்கல சாச்சா."

"அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே கிறுக்கு."

தாஜ்யூ என்றால் அண்ணன். திவான் சிங் போராவை ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக அல்லாடிவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு ஒரு மலை சைக்கிளை வாங்கிக்கொண்டு வந்து நின்றவர். அதோடு விட்டாரா? மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு, மலை உச்சியிலிருந்து கோசி ஆற்றங்கரை வரை பைன் காட்டுக்குள்ளேயே தடம் வெட்ட ஆரம்பித்தார். ஆடுகூடப் போகாத சரிவில் இவர் யாருக்குத் தடம் வெட்டுகிறார் என்று ஊர் சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் குந்தன் சாச்சாதான்.

ஆனால் சைக்கிள்காரர்கள் வந்தார்கள். ஹல்த்வானியிலிருந்து, டெல்லியிலிருந்துகூட வந்தார்கள். ஒருநாள் முழுக்கக் காட்டுக்குள் மிதித்து ஏறி, ராத்திரி உச்சிப் புல்வெளியில் கூடாரம் போட்டுத் தங்கி, மறுநாள் ஆற்றுக்கு இறங்குவார்கள். நேற்றும் அப்படித்தான் ஏழு பேரோடு ஏறினார். அறுபத்து நாலு வயசில், கடைசி ஏற்றத்தில் மூன்று வாலிபர்களை முந்திப்போய் மேலே உட்கார்ந்துகொண்டு, "டிக்கெட் எடுக்காதவனெல்லாம் கீழ இறங்கு!" என்று அவர்களைப் பார்த்துக் கூவினார். தன் கையால் கேழ்வரகு ரொட்டி சுட்டு எல்லாருக்கும் போட்டார். "நாளைக்குப் பெரிய வளைவுல பிரேக் பிடிக்கிறவன் பாத்திரம் கழுவணும்" என்று சொல்லிவிட்டுக் கூடாரத்துக்குள் போனார்.

காலையில் நீமா டீ கொண்டுபோனபோது ஷூ வாசலில் இருந்தது, சாக்ஸ் அதற்குள் மடித்து வைத்தபடி. அவர் எழுந்திருக்கவில்லை.

உச்சிக்குச் சற்றுக் கீழேதான் ஊர். ஆண்கள் மூங்கிலோடு வந்தார்கள். இஜாவும் வந்தாள்; இஜா என்றால் அம்மா. வெகுநேரம் கணவரின் தலையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ரோடு வரைக்கும் தூக்கிப்போய், அங்கிருந்து ஜீப்பில் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோகலாம் என்று சாச்சா சொன்னபோதுதான் வாய் திறந்தாள்.

"முப்பது வருஷம் வண்டியிலயே குலுங்குன மனுஷன். கடைசியிலயாவது ரோட்டை விட்டுத் தொலையட்டும். அவரு தடத்துலயே கொண்டு போங்க."

"அண்ணி, அது சைக்கிளுக்கு வெட்டுனது. ஒருத்தன் சறுக்கினான்னா பாடையோட உருளணும். ஊர் என்ன பேசும்?"

"யாரும் சறுக்க மாட்டாங்க" என்றாள் நீமா. "நான் முன்னால போறேன்."

"சுடுகாட்டுக்குப் பொம்பளை வர்றதில்ல."

"கடைசி வளைவோட நின்னுக்கறேன்."

சாச்சா அண்ணனைப் பார்த்தார், தடத்தைப் பார்த்தார். "சரி, நட. இன்னியோட இந்தத் தடமும் முடிஞ்சுது" என்றார்.

அந்த வார்த்தைதான் நீமாவின் நெஞ்சில் தைத்துக்கொண்டு நின்றது. ஒரே ஒரு கால் வழுக்கினால் போதும். தான் வெட்டிய தடத்திலேயே விழுந்தவர் என்று பாபுவை ஊர் காலத்துக்கும் சொல்லும். அப்புறம் எந்தச் சைக்கிள் இந்தப் பக்கம் வரும்?

யாரும் வழுக்கவில்லை. செங்குத்தான இடங்களில் அவர் கல்லைக் கல்லோடு இறுக்கிப் பதித்திருந்தார். மழைத்தண்ணீர் ஓட ஓரத்தில் வாய்க்கால் இருந்தது. பின்கழியைத் தூக்கி வந்த பிரதாப், "தோள் மாத்தவே வேண்டியிருக்கலப்பா. கல்யாண ஊர்வலத்துக்குப் போட்ட மாதிரியில்ல போட்டு வச்சிருக்காரு!" என்றார். ஒவ்வொரு கல்லிலும் சாச்சாவின் கால் சற்று நின்று, அழுத்திப் பார்த்துவிட்டுப் போவதை நீமா கவனித்தாள். அவளுக்குப் பெருமை பொங்கியது. இப்படிப்பட்ட நாளில் பெருமைப்படலாமா என்று ஒரு கணம் கூசினாள். பட்டால் என்ன என்று தோன்றியது.

கடைசி வளைவில் அவள் நின்றுகொண்டாள். பாடை இறங்கிப்போனது. பைன் மரங்களுக்கு நடுவே ஆறும், பிறகு புகையும் தெரிந்தன. சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்தபடியே புகை மெலியும்வரை பார்த்திருந்தாள்.

ஆற்றில் முழுகி, ஈர வேட்டியோடு ஆண்கள் திரும்பி ஏறி வந்தார்கள். அவள் நின்ற இடத்துக்குச் சற்று மேலே, சாச்சா ஒரு கில்மோரா முள்கிளையை ஒடித்துத் தடத்தின் குறுக்கே போட்டு அதன்மேல் கல்லை வைத்தார். போனவர் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிடக் கூடாது என்று, திரும்பி வருகிறவர்கள் வைக்கிற முள். ஒவ்வொருவராக அதைத் தாண்டிப்போக வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது.

வழக்கம் வழக்கம்தான். ஆனாலும் நீமாவுக்குத் தன் காலிலேயே குத்தியதுபோல வலித்தது. பாபுவுடைய தடத்தில் முள் கிடக்காது. எவ்வளவு வேகத்தில் இறங்கினாலும் முள் கண்ணில் பட்டால் நின்று, எடுத்து எறிந்துவிட்டுத்தான் போவார். புதிதாக வருகிறவர்களுக்கு பிரேக் பிடிக்கச் சொல்லித் தருவதற்கு முன்பே அதைத்தான் சொல்வார்: "முள்ளைப் பார்த்துட்டும் இறங்காதவன் என்கூட வர வேண்டாம்."

சாச்சா தாண்டினார். பிரதாப் தாண்டினார். மூன்றாவதாக, நேற்று அவரோடு ஏறிய ஏழு பேரில் ஒருவனான ஹல்த்வானி அங்கித், அழுது வீங்கிய முகத்தோடு குனிந்தபடியே வந்தான். முள்ளைப் பார்த்தான். நின்றான். கல்லைப் புரட்டி, கிளையை இரண்டு விரலால் பிடித்துச் சரிவில் வீசிவிட்டு மேலே நடந்தான்.

"டேய்! என்னடா பண்ணித் தொலைச்ச?" சாச்சா அலறினார். "தாஜ்யூ பின்னாலயே வந்துருவாருடா!"

அங்கித் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். "ஐயோ, சாச்சா... கை தானாப் போயிருச்சு. அவரு பழக்கி வச்சது..."

"நானா இருந்தாலும் எடுத்திருப்பேன்" என்றான் பின்னால் வந்தவன். அவனுக்குப் பின்னால் நின்ற ஐந்து பேரும் தலையாட்டினார்கள். பிரதாப் சிரிப்பை இருமலாக்கி விழுங்கினார். நீமாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவள் பாபு விட்டுப்போன கைகள் ஏழு ஜோடி அங்கே நின்றன.

சாச்சா முணுமுணுத்துக்கொண்டே கீழே இறங்கி வந்து இன்னொரு கிளையை ஒடித்தார். முள் குத்தி விரலில் ரத்தம் வந்தது. குனிந்தவர் அப்படியே நின்றார். தடத்தையும், அதன் இருபக்கக் கல்வரிசையையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கிளையை நீமாவிடம் நீட்டினார்.

"இந்தா, நீ வை."

"நானா?"

"உன் தடம். எங்க வைக்கணும்னு நீயே பாத்துக்க."

நீமா வாங்கிக்கொண்டாள். தடத்தைவிட்டு ஓர் அடி தள்ளி, புல் ஓரத்தில் கிளையை வைத்தாள். அதன்மேல் கல்லை வைத்தாள்.

சாச்சா பார்த்தார். முதல் முள்தான் சரிவில் போய்விட்டதே, இந்த முள்ளை எல்லாரும் புதிதாகத் தாண்டியாக வேண்டும். தடத்தைவிட்டு இறங்கி அவள் பக்கம் வந்தார், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, புல்லில் கால் வைத்து முள்ளைத் தாண்டி ஏறினார். அவர் பின்னால் பிரதாப், அங்கித், மற்றவர்கள், ஒருவர்பின் ஒருவராகப் புல் ஓரமாகவே போனார்கள்.

கடைசியாக நீமா. புல்லில் நடந்து முள்ளைத் தாண்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் இடது கை பிடித்திருந்த சைக்கிள் மட்டும், டிக் டிக் என்று, முள் இல்லாத தடத்திலேயே உருண்டு வந்தது.