பெயர் வெளியே வராது

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்ததே நான் செய்த ஒரு மொழிபெயர்ப்பால்தான். இராஜபாளையத்தில் மருத்துவத் துணி தயாரிக்கும் ஆலை ஒன்றை வெளிநாட்டுக் கம்பெனி வாங்கியது. வாங்கிய கையோடு நாற்பது பக்க நன்னடத்தை விதிகளை அனுப்பிவைத்தது. அதைத் தமிழாக்கியவன் நான். 'புகார் செய்பவரின் அடையாளத்தைக் காக்க இயன்றவரை முயற்சி மேற்கொள்ளப்படும்' என்பதுதான் மூலத்தில் இருந்தது. தொழிலாளர்களுக்குப் புரிய வேண்டுமே என்று மூன்றே சொல்லில் முடித்தேன்: பெயர் வெளியே வராது.

அந்த வரியை மெச்சியவள் தேவகிருபை. ஆலையின் நெறிமுறை அலுவலர். "சார், இது ஒண்ணுதான் நம்ம ஆளுக பேசுற மாதிரி இருக்கு" என்றாள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

2

கதையை இப்படித் தொடங்கினேன்:

'தேவகிருபை வருகிறாள் என்றாலே ஆலை நடுங்கும். அவள் கண்டிப்பு

அடித்துவிட்டேன். பொய். அவளைக் கண்டு ஒருவரும் பயந்ததில்லை, பயப்படவும் கூடாது என்பதுதான் அவள் எண்ணம். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். மதியம் மடிப்புப் பிரிவுப் பெண்களோடு உட்கார்ந்து சாப்பிடுவாள். "தப்புன்னு தோணுச்சுன்னா எழுதிப் போடுங்க. நான் இருக்கேன்ல" என்பாள். முதல் வருடம் முழுக்கப் புகார்ப் பெட்டியில் மிட்டாய்க் காகிதம்தான் கிடந்தது. சனிக்கிழமைதோறும் அதையும் முகம் சுளிக்காமல் எடுத்துப் போட்டாள்.

இரண்டாம் வருடம் ஒரு கடிதம் வந்தது.

3

'தரையில் விழுந்த துணியைத் திரும்ப எடுத்து மடித்துப் பாக்கெட்டில் போடச் சொல்கிறார்கள். இது ஆஸ்பத்திரியில் புண்ணில் வைக்கிற துணி.'

எழுதியது அக்சா. வத்திராயிருப்புப் பெண், மடிப்புப் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளி. கடிதத்தில் பெயர் இல்லை. கையெழுத்தைப் பார்த்து யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று தேவகிருபை அதைத் தானே உட்கார்ந்து தட்டச்சு செய்தாள். எந்த மேசை, எந்த ஷிப்ட் என்பதையெல்லாம் நீக்கினாள். மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டு ஆலைத் தலைவர் ராம்குமாருக்கு அனுப்பினாள்.

விசாரணை நடந்தது. மேற்பார்வையாளரை மாற்றினார்கள். விழுந்த துணி குப்பைக்குப் போனது. தலைமையகம் பூரித்துப்போய், நெறிமுறைப் பண்பாட்டில் முன்மாதிரி ஆலை என்று விருது அறிவித்தது. அதே வாரம் கான்ட்ராக்டர் வேலுசாமி அக்சாவிடம், "நாளையிலேருந்து வர வேண்டாம்மா" என்றார்.*

(* புகார் செய்த ஊழியரைப் பழிவாங்கக் கூடாது என்று விதி உண்டு. 'ஊழியர்' யார் என்ற விளக்கம் முப்பத்தெட்டாம் பக்கத்தில். ஒப்பந்தத் தொழிலாளர் அதில் இல்லை. அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். அன்று ஒன்றும் உறுத்தவில்லை.)

4

ராம்குமாரை வில்லனாக்க ஆசைப்பட்டேன். மீசையெல்லாம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. எழுதியது அக்சாதான் என்று எப்படித் தெரிந்தது என்று தேவகிருபை போய்க் கேட்டபோது அவர் மறைக்கக்கூட இல்லை.

"நீங்க அனுப்புன தாள்ல மேல சிலுவை இருந்துச்சே மேடம். மடிப்புல மத்ததெல்லாம் பிள்ளையார் சுழி போடுற ஆளுக. சிலுவை போடுறது ஒரே பிள்ளதான? கான்ட்ராக்டர்ட்ட பேச்சுவாக்குல சொன்னேன். அவரு இப்படிச் செய்வாருன்னு நெனைக்கல."

பாவம், அந்தப் பிள்ளை பழக்கத்தில் போட்டுவிட்டது, நாமும் கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று தேவகிருபை நினைத்தாள். பாதிக் குற்றம்தான் தன்னுடையது என்று எண்ணியிருந்த அந்த நான்கு நாளும் அவளுக்குத் தூக்கமில்லை.

5

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஜவுளிக்கடையில் அக்சாவுக்கு வேலை கிடைத்திருந்தது. சிலுவையைக் கவனிக்காமல் விட்டதைச் சொல்லிவிடுவது என்றுதான் தேவகிருபை அந்தக் கடைப் படியேறினாள்.

"வாங்க மேடம். என்ன சேலை பாக்கணும்?"

"சேலைக்கு வரல அக்சா. அந்த லெட்டர் விசயமா..."

"விடுங்க மேடம். கூட இருந்தவளே காட்டிக்குடுத்தா நீங்க என்ன செய்வீங்க?"

"யாரச் சொல்லுத?"

"நாகஜோதியத்தான். நான் எழுதையில பக்கத்துல இருந்தது அவ ஒருத்திதான். எம்புட்டுப் பயந்து எழுதுனேன் தெரியுமா? பேரு போடல. எப்பவும் மேல சிலுவை போடுவேன், கை தானாப் போகும். அதக்கூடப் போடாம எழுதுனேன் மேடம்."

தேவகிருபை ஒரு நீலச் சேலையை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

6

மறுநாள் அலமாரியைத் திறந்து அசல் கடிதத்தை எடுத்துப் பார்த்தாள். சிலுவை இல்லை. அவள் தட்டச்சு செய்த தாளின் உச்சியில், நட்டநடுவில், ஒரு + இருந்தது.

பள்ளிக்கூடப் பரீட்சைத் தாளிலிருந்து மளிகைச் சீட்டுவரை அதைப் போடாமல் அவள் எதையும் தொடங்கியதில்லை. "அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் வந்துரக் கூடாதுன்னு ஜெபம் பண்ணிட்டுத்தான் சார் அடிக்க உக்காந்தேன்" என்றாள் என்னிடம்.

(இங்கே ஒரு அழகான வாக்கியம் எழுதி வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். இந்த இடத்தில் அழகாக எழுதுகிறவன்மேல் எனக்கே கோபம் வருகிறது.)

7

முடிவுகள்.

அ) தேவகிருபை திரும்பவும் கடைக்குப் போய் உண்மையைச் சொல்கிறாள். அக்சா அழுகிறாள், மன்னிக்கிறாள். எழுதிப் பார்த்தேன். மன்னிப்பு இரண்டே வரியில் வந்துவிட்டது. அவ்வளவு மலிவாக வந்ததை நான் நம்பவில்லை.

ஆ) அவள் தலைமையகத்துக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டு ராஜினாமா செய்கிறாள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அக்சாவும் நாகஜோதியும் அப்போதும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

இ) நடந்தது. சென்னைக்குப் போய் விருதை வாங்கினாள். மேடையில் நான்கு நிமிடம் பேசினாள். 'எங்கள் தொழிலாளர்கள் எங்களை நம்புகிறார்கள்' என்ற வரி அந்த உரையில் இருந்தது. அதைத் தமிழில் எழுதிக்கொடுத்தவனும் நான்தான்.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் எழுதிய மூன்று சொல்லை நம்பித்தான் அக்சா பேனாவை எடுத்தாள். எனக்கும் எல்லாம் தெரியும். நானும் அந்தக் கடைக்குப் போகவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதிக்கொண்டு

சரி. உங்களிடம் ஒப்படைக்கிறேன். வத்திராயிருப்பிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் காலை பஸ்ஸில் அக்சா ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். பக்கத்து இருக்கையில் அவள் டிபன் பை இருக்கும். சுந்தரபாண்டியத்தில் நாகஜோதி ஏறுவாள். முன்பெல்லாம் அவளுக்காகப் போட்டு வைத்த இடம் அது. இப்போது அக்சா பையை எடுப்பதில்லை. முதல் இரண்டு வாரம் நாகஜோதி, "ஏட்டி, நான் என்ன செஞ்சேன்?" என்று கேட்டாளாம். இப்போது கேட்பதில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே போகிறாள்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன், ஆகவே பெயர் சொல்லித் தேடாதீர்கள். அப்படிப் பையை எடுக்காமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்தால் அருகில் போய் இதை மட்டும் சொல்லிவிடுங்கள். தேவகிருபைக்கும் எனக்கும் அந்தத் தைரியம் வரவில்லை. 'நாகஜோதி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.'