மரக்கட்டை மேல் வெயில்

உதய்க்கு ஓர் இடத்தில் சும்மா உட்காரத் தெரியாது. ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூஹே நகரத்தை ஒட்டிய காட்டில், விழுந்து கிடந்த ஓக் மரத்தின் மேல் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையாக அவனை உட்கார வைத்து வரைந்துகொண்டிருந்தாள் அவன் மனைவி மதுமதி. காலை மாற்றி மாற்றிப் போட்டான், கழுத்தைச் சொறிந்தான், போனை எடுத்து எடுத்துப் பார்த்தான். சொல்ல வேண்டியது தொண்டையில் நின்றால் யார்தான் நிம்மதியாக இருப்பார்கள்?

விஷயம் இதுதான். கோயம்புத்தூரில் ஒரு வேலையை ஒப்புக்கொண்டு, இங்கே ராஜினாமாவும் கொடுத்துவிட்டான். அவளைக் கேட்கவில்லை. சொன்னால் துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தான். வந்த புதிதில் ஊருக்குப் போகலாம் என்று தினமும் அழுதவள்தானே. அவளுக்கும் இங்கே வேலை கிடைத்து, அந்த அழுகை எப்போது நின்றது என்பதை மட்டும் கவனிக்கவில்லை மகானுபாவன்.

"மது, ஒண்ணு சொல்லணும்."

"அஞ்சு நிமிஷம் இரு. லைட் இப்பதான் சரியா விழுது."

அந்த ஐந்து நிமிஷம் அவனுக்கு நகரவே இல்லை. மேகம் வந்து வெயிலை மறைத்ததும் எழுந்து ஓடிவந்து கேன்வாஸைப் பார்த்தான். இலைகளில் பச்சையே இல்லை. ஆரஞ்சும் மஞ்சளும் திட்டுத் திட்டாக அப்பியிருந்தன. நிழலில் கருப்பு இல்லை, ஊதா. கிட்டே வெறும் பெயின்ட். இரண்டடி பின்னால் போனால் காடு முழுக்க வெயில் அசைந்தது. இத்தனை நன்றாக வரைவாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. படத்தில் மரக்கட்டை மேல் யாரும் இல்லை.

"நான் எங்க?"

"சுரண்டி எடுத்துட்டேன். நீ அசைஞ்சுக்கிட்டே இருந்த. காலியா விட்டாதான் அழகா இருக்கு."

இனி தாங்காது என்று ஒரே மூச்சில் கொட்டினான். "நான் ரிசைன் பண்ணிட்டேன், மது. ஜனவரில கோயம்புத்தூர். ஆஃபர் சைன் பண்ணியாச்சு."

பிரஷ் அப்படியே நின்றது.

"என்கிட்ட கேட்டியா?"

"சர்ப்ரைஸா இருக்கட்டும்னு..."

அவள் கத்துவாள் என்று காத்திருந்தான். கத்தியிருந்தால் தேவலை. மேகம் விலகியதும் அவள் பிரஷை மஞ்சளில் தோய்த்தாள். விட்ட இடத்திலிருந்தே வரையத் தொடங்கினாள்.

"கொஞ்சம் நகரு. மறைக்கற."

நகர்ந்தான். "அப்ப, ஜனவரில?"

"ஜனவரில இங்க பனி விழும், உதய். அதை நான் இன்னும் வரையல."