மூத்தாரின் பெயர்

"உன் சொந்தக்காரங்க யாராச்சும் இந்தக் கடையில வேலை பாக்கறாங்களா?"

"யாரும் இல்லக்கா" என்றேன். அப்படிச் சொன்னபோது என் மூத்தார், அதாவது என் கணவரின் அண்ணன், கண்ணாடிக் கதவுக்கு அப்பால் காவலாளி உடுப்பில் நின்று தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

வேலை கேட்டுப் போன என்னிடம் இதைக் கேட்டவர் மேலாளர் கனிஷாய். எங்கள் மலை நகரமான நரினுக்குப் புதிதாக வந்த பெரிய கடை அது. முன்பு வேறொரு ஊர்க் கிளையில் தங்கை கல்லாவிலும் அண்ணன் வாசலிலும் இருந்து, பாதிச் சரக்கு சத்தமில்லாமல் வீட்டுக்கு நடந்துவிட்டதாம். அதனால் ஒரு குடும்பத்துக்கு ஒரு ஆள்தான் என்று சட்டம். நரினில் இரண்டு பேர் தேநீர் குடிக்க உட்கார்ந்தால், முதல் கோப்பை ஆறுவதற்குள் எந்தப் பாட்டன் வழியில் உறவு என்று கண்டுபிடித்துவிடுவோம். அந்த ஊரில் இப்படி ஒரு சட்டம்!

என் கணவர் கல் குவாரியில் விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்திருந்தார். மூத்தாரின் ஒற்றைச் சம்பளத்தில் இரண்டு வீட்டு அடுப்பு எரிந்தது. இந்த வேலை கிடைக்காவிட்டால் இந்தக் குளிர்காலத்துக்கு எங்கள் வீட்டில் நிலக்கரி இல்லை. ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னதே மூத்தார்தான். அதையும் என்னிடம் நேராகச் சொல்லாமல் தன் மனைவியான என் ஓரகத்தியிடம் சொல்லி அனுப்பினார்.

"கடைக்குள்ள நான் ஒரு தூணுன்னு நெனைச்சுக்கச் சொல்லு. பாத்தும் பாக்காம போகட்டும்."

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். மூத்தாரின் பெயரை வாயால் சொல்லக் கூடாது, அவருக்குக் குறுக்கே நடக்கக் கூடாது என்று கலியாணமாகி வந்த நாளிலிருந்து மாமியார் பழக்கிவைத்த உடம்பு என்னுடையது. வாயைக் கட்டலாம். காலை எப்படிக் கட்டுவது?

மறுநாள் என்னைச் சோதனைக்கு உட்கார வைத்தார்கள். கூலி கிடையாது. மாலைவரை கல்லாவில் தேறினால் வேலை.

காலையில் பால் பெட்டிகளை வண்டியில் தள்ளிக்கொண்டு வந்தேன். வழியில் மூத்தார். என் கால் தானாகத் திரும்பி உருளைக்கிழங்கு, சோப்பு, பூனைத் தீனி எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது.

"ஏம்மா, நேர் வழி இருக்கே. கடையச் சுத்திப் பாக்க வந்தியா?" என்றார் கனிஷாய்.

"எது எங்க இருக்குன்னு பாத்து வச்சுக்கறேன்க்கா."

"பூனைத் தீனி எங்க இருக்கு?"

"சோப்புக்கு அந்தாண்ட."

சரியாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சற்று நேரத்தில் மூத்தார் வாசலில் இருமினார்; என் கை போய்த் தலைத்துணியை இழுத்துவிட்டது. கனிஷாய் என் கையைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார்.

மதியத்துக்கு மேல் ஒரு குடிகாரன் வோட்கா பாட்டிலோடு கல்லாவுக்கு வந்து, காசு நேற்றே கொடுத்துவிட்டதாகச் சாதித்தான். வரிசை நீண்டது. கனிஷாய் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"காவலாளியக் கூப்பிடு."

"இந்தாங்க, கொஞ்சம் வாங்க!" என்றேன். மூத்தார் ஓரகத்தியிடம் சொன்னபடியே தூணாக நின்றார்.

"யாரு அது 'இந்தாங்க'? பேரு நெஞ்சுல எழுதிக் குத்தியிருக்கு பாரு. படிச்சுக் கூப்பிடு."

தேள் கொட்டிய திருடன் மாதிரி நின்றேன்.

"படிக்கத் தெரியாதா?"

"கண்ணு கொஞ்சம் மங்கல்க்கா."

"காலையிலேர்ந்து பில்லு மட்டும் ஒரு தப்பில்லாம அடிச்சியே?"

நிலக்கரியை நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, "கெரிம்குல்! ஏய், இங்க வா!" என்று கத்தினேன். 'வாங்க' என்றாவது சொல்லியிருக்கலாம். பயத்தில் வாய்க்கு வந்தது வந்துவிட்டது.

அவர் வந்தார். குடிகாரனைத் தோளில் கைபோட்டு வெளியே கொண்டுபோய் விட்டுத் திரும்பினார். அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

"நல்லாத்தான் கூப்பிட்ட. உன் மேல ஒரு குத்தமும் சொல்ல முடியாது" என்றார் கனிஷாய். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாங்க எல்லாரும் தினமும் இவரப் பேர் சொல்லித்தான் கூப்பிடறோம். சூயிங்கம் மென்னுக்கிட்டே வருவார். நீ கூப்பிட்டதும் காதுவரைக்கும் செவந்துபோய் வந்தார். எனக்கும் மாமியார் வீடு இருக்கும்மா. என்ன முறை, மூத்தாரா?"

அழுகைகூட வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எவனோ எந்த ஊரிலோ திருடினான். நாங்கள் ஒரு தீப்பெட்டிகூட எடுத்ததில்லை.

"ரெண்டு பேரும் நல்லா வேலை பாக்கறீங்க. ஆனா ஒருத்தர்தான் இருக்கலாம். சட்டம் நான் போட்டதில்ல."

எழுந்து கடையில் கொடுத்த மேலங்கியின் முடிச்சை அவிழ்த்தேன். "நான் போறேன்க்கா. அவர் இருக்கட்டும்."

அதற்குள் மூத்தார் தொப்பியைக் கழற்றிக் கல்லா மேசையில் வைத்துவிட்டார். கனிஷாயைப் பார்த்துத்தான் பேசினார்.

"நான் சந்தையில மூட்டை தூக்குவேன், ஆடு மேய்ப்பேன். என் தம்பி படுத்துக் கெடக்கறான். அண்ணன் காசுல வாங்கின ரொட்டி அவன் தொண்டையில எறங்க மாட்டேங்குது. நான் பாத்துக்கிட்டுதான இருக்கேன். பொண்டாட்டி காசுன்னா எறங்கும்."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உக்காரு."

மூத்தார் நிற்கும்போது தம்பி பெண்டாட்டி உட்காருவது எங்கள் வீட்டில் நடந்ததே இல்லை. உட்கார்ந்தேன். வரிசையில் அடுத்து நின்ற பெண்மணி சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்து வைத்தார். மூத்தார் வெறுந்தலையோடு கதவைத் தள்ளிக்கொண்டு பனிக்குள் இறங்குவது கடைக்கண்ணில் தெரிந்தது. மரியாதைக்கு ஒரு தடவை எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. எனக்கு வேலை கிடைத்துவிட்டது.